வெருகல் காணிக்குப் புத்தகம் கேட்ட சம்பந்திக்கு

திருகோணமலை,
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள சம்பந்தி தம்பிராசா அவர்களுக்கு,

சுதர்ஷினியின் தகப்பன் கதிரவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நிலக்சனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று சல்லி முத்துமாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். கோயிலுக்கு வந்து கும்பிடவில்லை. கோயில் உங்கள் ஊரில் இருப்பதால், இங்கே நகரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஏறி அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எங்கள் சுகத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. சிவபாக்கியத்துக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. எனக்குச் சாப்பாடு இறங்குகிறது, நித்திரைதான் வருகுதில்லை.

போன கிழமை நீங்கள் போன் எடுத்தீர்கள். உங்கள் பெயரைக் கண்டதும் எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், சிவபாக்கியம் பக்கத்தில் நின்றதால் எடுத்தேன். ஏசப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏச்சு வாங்கினவன் இரண்டு நாள் தலையைக் குனிந்து திரிந்துவிட்டு மூன்றாம் நாள் நிமிர்ந்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டது என்ன? "சம்பந்தி, வெருகல் பக்கம் ஒரு துண்டுக் காணி எடுத்திருக்கிறன். தென்னை வைக்கிற யோசினை, கரையில கொஞ்சம் பனையும் கமுகும். நீங்கள் வாசிக்கிற ஆள், நல்ல புத்தகம் ரெண்டு மூண்டு சொல்லுங்கோவன்" என்றீர்கள். இவ்வளவும் நடந்த பிறகு என்னிடம் தென்னைக்குப் புத்தகம் கேட்பது மரியாதையா குத்தலா என்று ஒரு கிழமையாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. "மனிசன் புத்தகம்தானே கேட்டவர், ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?" என்கிறாள் சிவபாக்கியம். வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பப் பார்த்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது கடன்காரன் குரல் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். கடிதமென்றால் நீங்கள் வாசிக்கும் நேரத்தில் என் முகம் உங்கள் முன்னால் இருக்காது, அது ஒரு வசதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வயதுவரை ஒரு தென்னம்பிள்ளை நட்டவனில்லை. துறைமுகத்தில் களஞ்சியம் பார்த்தவன். ஆணி, வடக்கயிறு, வர்ணத் தகரம் இவற்றோடு போன காலம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு வளவு முழுக்கச் சீமெந்து. அதில் முளைத்த ஒரே பச்சை, தண்ணீர்க் குழாயடிப் பாசி. ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் தென்னை வளர்ப்புப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து பனைக்குப் போனேன், பனையிலிருந்து கமுகுக்குப் போனேன், பிறகு பேரீச்சைக்கும் போனேன். அலுமாரியில் சிவபாக்கியத்தின் சேலைகளுக்கு இப்போது ஒரு தட்டுத்தான் மிச்சம். நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து சாப்பாட்டுப் பந்தி எழும்பும்வரை தென்னையைப் பற்றி நான் கதைத்த கதையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உங்கள் மரங்களை அண்ணாந்து பார்த்து, "இதுக்குப் பொட்டாசியம் காணாது" என்று வேறு சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். பிறகு கொழும்புக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகும்போது வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, "பிள்ளை துறைமுகத்தில வேலைக்காரரோட தங்கிறான், வீடு பூட்டித்தான் கிடக்கும். மரங்களையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ, உங்களை விட ஆர் பாக்கிறது?" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு நெஞ்சு ஒரு சாண் அகன்றது.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன். முதலாவது, பச்சை மட்டை போட்ட தமிழ்ப் புத்தகம். நல்ல புத்தகம், தாராளமாக வாங்கலாம். தென்னையைத் துளைக்கும் செவ்வண்டைப் பிடிக்கும் விதம் அதில் வடிவாக எழுதியிருக்கிறது. தென்னந்தண்டுத் துண்டுகளை ஒரு மண் முட்டியில் போட்டு, அதில் புதுக் கள்ளை ஊற்றி வைத்தால் வாசத்துக்கு வண்டு வந்து விழுமாம். உங்கள் கிணற்றடி இளந்தென்னையில் ஒரு ஓட்டையைக் கண்டேன். அது வண்டு போட்ட ஓட்டையா, யாரோ ஆணி அடித்த ஓட்டையா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் புத்தகத்தில் ஓட்டை என்று இருந்தது, மரத்தில் ஓட்டை இருந்தது, எனக்கு அது போதுமாயிருந்தது. ஆகவே சம்பந்தி, பீடிகூடப் பற்றாத நான், நெற்றியில் திருநீற்றோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு தவறணைக்குப் போனேன். ஒரு தண்ணீர்ப் போத்தலில் கள்ளு வாங்கி, மூடியை நன்றாக இறுக்கி, கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். புதுக் கள்ளைப் போத்தலில் இறுக்கி மூடக்கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெயிலில் அது பொங்கி, சரியாகக் கோயில் முகப்புக்கு முன்னால் வெடித்து, மூடி பறந்து, என் முதுகு வேட்டியெல்லாம் நனைந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலிலிருந்து வெளியே வந்தவர் வேறு யாருமில்லை, சம்பந்தியம்மாவின் தமையன் சின்னராசா அண்ணர்தான்.

"என்ன கதிரவேலர், மணக்குது?" என்றார்.

"வண்டுக்கு அண்ணை" என்றேன்.

"ஓம் ஓம். எங்கட ஊரில கனபேர் வண்டுக்குத்தான் வாங்கிறவை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருப்பேன்.

மிச்சமிருந்த கள்ளை முட்டிகளில் ஊற்றி உங்கள் மரங்களுக்குக் கீழே, அடிக்கு அடி, வரிசையாக வைத்தேன். முட்டிகளைத் தோட்டத்துக்குள் வைக்கக்கூடாது, வைத்தால் ஊரிலுள்ள வண்டு முழுவதும் வாசம் பிடித்துத் தோட்டத்துக்கே வந்துவிடும், தூரத்தில் வேலிக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்று அதே புத்தகம் சொல்கிறது. ஆனால் அடுத்த பக்கத்தில் சொல்கிறது. நான் ஒரு பக்கம் வாசித்ததும் செய்து பார்க்கும் ஆள், அது என் குணம். சல்லியில் இருந்த வண்டு, அதற்கு வடக்கே நிலாவெளியில் இருந்த வண்டு, எல்லாம் உங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு ஆடு வேலியால் தலையைப் போட்டு ஒரு முட்டியைக் குடித்து முடித்துவிட்டுப் பின்னேரம் முழுக்க மதிலோடு சண்டை பிடித்தது. ஆட்டுக்காரிக்கு நான் இன்னும் முகம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம். வேறு ஏதோ நாட்டுக்கு எழுதியது, ஆனாலும் படங்கள் தெளிவு. வண்டு உள்ளே போய்விட்டதா என்று பார்க்க, நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும், தாக்கப்பட்டதென்றால் அது கையோடு வரும் என்று அதில் இருக்கிறது. கிணற்றடி இளந்தென்னைக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன். வரவில்லை. வராததைக் கண்டு சந்தோசப்பட்டு இறங்கியிருக்க வேண்டியவன், "மெதுவாக" என்று அவர்கள் எழுதியது அவர்கள் நாட்டு ஆட்களுடைய பலத்துக்குத்தானே என்று யோசித்து இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். குருத்தோடு நானும் கிணற்றுக்கட்டில் வந்து விழுந்தேன். நீங்கள் விடிய எழும்பி வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அது. அந்தக் குருத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, பொய்யில்லை.

அப்போதாவது வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு வடிவான குருத்தோலையை வீணாக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அன்று பின்னேரம் நீங்கள் கூறையோடு வந்து இறங்குகிறீர்கள், அதற்கு மறுநாள் உங்கள் வீட்டில் பொன்னுருக்கு. தட்டான் வந்து தாலிக்குப் பொன் உருக்கும் நேரம் வாசல் படலை வெறுமையாக இருக்கலாமா? பெண்ணின் தகப்பன் தன் கையால் தோரணம் கட்டினான் என்று நாலு பேர் சொல்லட்டும், போன மரத்துக்கு அது ஒரு பிராயச்சித்தமாகவும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மூன்றாவது புத்தகம் இருந்தது. மட்டை கிழிந்த பழைய தமிழ்ப் புத்தகம், கடைசி அத்தியாயம் ஓலை வேலை. பெட்டி, பாய், விசிறி, தோரணம் எல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறது. எழுத்துச் சிறிது என்பதால் தோரணப் படத்தைப் போனில் படமெடுத்துப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மடித்தேன். படத்துக்குக் கீழே இருந்த வரி போனுக்குள் அடங்கவில்லை.

நல்ல காரியத்துத் தோரணத்தில் ஓலையில் மடித்த நாலு குருவித்தலை, மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். செத்தவீட்டுத் தோரணத்தில் மூன்று, கீழே பார்த்தபடி. இது எங்கள் ஆட்களில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனை கல்யாணவீட்டில், எத்தனை செத்தவீட்டில் அதன் கீழால் குனிந்து போயிருக்கிறேன்! ஆனால் கையில் படம் இருந்தால் எனக்கு என் கண்ணில் நம்பிக்கை போய்விடுகிறது, சம்பந்தி. மூன்று தலை, கீழே பார்த்தபடி, படலையிலிருந்து ஒழுங்கை முகப்புவரை ஒரு தோரணம் விடாமல் கட்டினேன். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது ஒரு அமைதி தெரிந்தது. அதை அழகென்று நினைத்தேன்.

களைப்பில் உங்கள் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் சரிந்தேன். கடற்கரையில் மீன் காயப் போட்டிருந்ததால் இலையான் தொல்லை. கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு படுத்தேன், படுத்ததும் அயர்ந்துவிட்டேன். பிறகு நடந்தது நான் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் சொன்னது. சைக்கிளில் போனவர்கள் தோரணத்தைக் கண்டு இறங்கினார்களாம். மீன் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்களாம். படலையால் எட்டிப் பார்த்தால் விறாந்தையில் வெள்ளை மூடி ஒரு உடம்பு. யாரென்று தெரியாமலே இரண்டு பேர் அழத் தொடங்கிவிட்டார்களாம்.

அந்த நேரம்தான் உங்கள் ஓட்டோ ஒழுங்கைக்கு வந்தது. பஸ் நிலையத்திலிருந்து உங்களை ஏற்றி வந்த கிண்ணியா ஜவ்பர் எனக்குப் பிறகு சொன்னார். தோரணத்தைக் கண்டதும் ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, திரும்பி உங்களைப் பார்த்து, "அண்ணன், மனசத் திடப்படுத்திக் கொள்ளுங்க" என்றாராம். அவர் நல்லதுக்குத்தான் சொன்னவர். சம்பந்தியம்மா ஓட்டோ நிற்கமுன் இறங்கி, கூறைச்சேலைப் பெட்டியை மணலில் போட்டுவிட்டு, "என்ர பிள்ளை! என்ர நிலக்சன்!" என்று கத்திய சத்தத்தில்தான் நான் விழித்தேன். விழித்தவன் வேட்டியை விலக்கி எழும்பி இருந்தேன். முற்றத்தில் நின்ற சனம் ஒரே பாய்ச்சலில் படலைக்கு ஓடியது. ஒருவர் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினார், அந்த வேலியை நான் கட்டித் தருகிறேன்.

இதை வாசித்து நீங்கள் சிரித்தாலும் நான் கோபிக்கமாட்டேன். எனக்கே சிலவேளை சிரிப்பு வருகிறது. ஆனால் சம்பந்தியம்மாவை நினைத்தவுடன் அது நின்றுவிடுகிறது. என்னை உயிரோடு கண்ட பிறகும் அவவுக்கு அழுகை நிற்கவில்லை. நான் தேவையில்லை, பிள்ளைதான் தேவை. நிலக்சன் வேலை உடுப்போடு மோட்டார் சைக்கிளில் ஓடி வந்து இறங்கும்வரை அவ மணலில் இருந்து எழும்பவில்லை. வந்த பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தா. அந்தக் கொஞ்ச நேரம் அந்தத் தாய் பிள்ளையை இழந்தவளாகத்தான் இருந்தவள், அதைச் செய்தவன் நான். அவவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வெட்கம்.

நான் அங்கிருந்து வெளிக்கிடமுன் சின்னராசா அண்ணர் வந்து தோரணத்தில் ஒன்றைப் பிடித்துத் தலையை எண்ணினார். "இது என்ன தோரணம் தெரியுமோ?" என்றார். "புத்தகத்தில இருக்கிறதுதான் அண்ணை" என்றேன், அந்த நேரத்திலும். "எடும் பாப்பம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். படத்துக்குக் கீழே இருந்த வரியை எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: "மரண வீட்டுக்குரியது." பிறகு உங்களைப் பார்த்து, "முதல் கோயிலடியில கள்ளோட கண்டனான், இப்ப இது. பொன்னுருக்கப் போற வீட்டில இழவுத் தோரணம். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணுமோ எண்டு நல்லா யோசிச்சுக் கொள்ளும்" என்றார். பொன்னுருக்கு நின்றது. ஆவணிக்கு வைத்த கலியாண நாளும் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாகக் குசினியில் பாத்திரம் வைக்கும் சத்தம்கூடக் கேட்பதில்லை. சுதர்ஷினி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், எனக்குத் தேத்தண்ணி வைத்துத் தருகிறாள். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே சம்பந்தி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நான் சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. இனி எவருக்கும் ஒரு புத்தகமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். வெருகலில் ஆற்றோரக் காணியென்றால் மாரியில் தண்ணீர் நிற்கும், வடிகால் வெட்டாமல் தென்னை வைக்கக்கூடாது, அதற்குப் பச்சைப் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயத்தை அடிக்க ஆளில்லை. பனைக்கு வேறொரு சின்னப் புத்தகம் இருக்கிறது, விதைப் பாத்தியிலிருந்தே தொடங்குகிறது, கேட்டால் தந்துவிடுவேன். கமுகுக்கு நிழல் வேண்டும், ஆங்கிலப் புத்தகத்தின் அட்டவணையைப் பாருங்கள்... பார்த்தீர்களா? இதுதான் என் வருத்தம், என் நோய். வெட்டினாலும் போகாது போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். என்னில் உள்ள கோபத்தைப் பிள்ளையில் காட்டவேண்டாம். அவள் என் புத்தகங்களில் ஒன்றைக்கூடத் தொட்டவள் இல்லை. நிலக்சனைப் பற்றிக் கதைக்கும்போது அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தை என்னால் அவள் இழக்கக்கூடாது. நான் கலியாணத்துக்கு வரக்கூடாது என்றால் வரவில்லை. சபையில் உங்கள் காலில் விழவேண்டுமென்றால் சின்னராசா அண்ணருக்கு முன்னால் விழுகிறேன். கலியாணம் நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். நிலக்சனுக்கு ஆசி, நீண்ட ஆயுள், இதை இந்த முறை மனமாரச் சொல்கிறேன். உங்கள் வளவில் மிச்சமிருக்கும் மரங்கள் என் கண்படாமல் காய்த்துக் குலுங்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
க. கதிரவேல்

பி.கு: கடிதத்தை உறையில் போட்டு, ஜவ்பரின் ஓட்டோவில் கொடுத்துவிடச் சொல்லிச் சிவபாக்கியத்திடம் நீட்டினேன். "என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இஞ்சேருங்கோ, சொல்லாமல் இருக்க ஏலாது. முந்தநாள் வியாழக்கிழமை எழுத்து முடிஞ்சுது" என்றாள். "ஆற்ற எழுத்து?" என்றேன். "ஆற்றயெண்டா? உங்கட மகளின்ர கலியாண எழுத்துத்தான்." சின்னராசா அண்ணர் இரண்டாம் தரம் வாய் திறக்கமுன் நீங்களே பிள்ளைகள் இருவரையும் பதிவுக்குக் கூட்டிப் போனீர்களாம். நீங்களும் சிவபாக்கியமும் சாட்சியாம். சம்பந்தியம்மா சுதர்ஷினிக்குத் தன் கையால் பூ வைத்துவிட்டாவாம். "அப்பாட்ட சொன்னா நல்ல நேரத்துக்கும் ஒரு புத்தகம் எடுப்பார், எல்லாம் முடிய ஆறுதலாச் சொல்லுவம்" என்று சொன்னது என் மகள்தானாம். ஆக, நான் மேலே எழுதிய கெஞ்சல் அவ்வளவும் வீண். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். மன்னிப்பு எழுதியிருந்த பக்கங்கள் அதில் இருந்ததால் அப்படியே அனுப்புகிறேன்.

சம்பந்தி, வியாழக்கிழமை மத்தியானம் சுதர்ஷினி ஒரு கப் ஐஸ்கிறீமோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். "மேசையில வை பிள்ளை" என்றேன், தலை நிமிரவில்லை. அன்று அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று சிவபாக்கியத்திடம் கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிறத்தை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.